குழாய் சாயுது, குண்டு நகருது, ஐஸ் கரையுது: வீட்டில் செய்த கரைத் தூண்டில் சாமான்களின் கோளாறுகள்

சென்னைப் பட்டினப்பாக்கத்திலோ கோவளத்திலோ விடியற்காலை நட்டுவைத்த தூண்டில் ராடு அரைமணியில் சாய்ந்துவிட்டால் எல்லாரும் குழாயைத்தான் திட்டுகிறார்கள். பாதி நேரம் பழுது குழாயில் இருக்காது. ரீலின் டிராகில், அதாவது எவ்வளவு இழுத்தால் தூண்டில் நரம்பை விடலாம் என்று ரீலில் வைக்கும் பிடிப்பில் இருக்கும், இல்லையென்றால் எண்பது மீட்டர் தள்ளித் தண்ணீருக்கடியில் உருண்டுகொண்டிருக்கும் எடைக் குண்டில் இருக்கும். கோளாறு கண்ணில் படும் இடமும் அது பிறக்கும் இடமும் வேறு வேறு. அதனால்தான் இங்கே சாமான் வாரியாகப் போனாலும் ஒவ்வொன்றிலும் என்ன தெரிகிறது என்பதிலிருந்தே தொடங்குகிறோம்.

நான்கு சாமான்கள்: ராடு நிறுத்தும் மணல் குழாய், சிமென்ட் குண்டு, கொலுசு மணி, தெர்மாகோல் ஐஸ் பெட்டி. எல்லாவற்றுக்கும் தேவையான பொருள் தெருமுனை ஹார்டுவேர் கடையிலும் பழைய சாமான் கடையிலும் கிடைத்துவிடும்.

மணல் குழாய்

ஒன்றரை இஞ்ச் பிளம்பிங் பி.வி.சி. குழாய், ஷெட்யூல் 40, நான்கு அடி. உள்விட்டம் 40 மி.மீ. வரும், பெரும்பாலான கரை ராடுகளின் அடிக்கட்டை அதில் தாராளமாக இறங்கும். அடிமுனையை 45 டிகிரி சாய்வாக அறுத்துவிடுங்கள். மேல் விளிம்பிலிருந்து 30 செ.மீ. கீழே குறுக்காக ஒரு 6 மி.மீ. போல்ட். ராடு அதன் மேல்தான் உட்காரும். ரீல் விளிம்புக்கு மேலே நிற்க வேண்டும். ராட்டின் அடிக்கட்டை குட்டை என்றால், அடியிலிருந்து ரீல் கால் வரை அளந்து, அதில் 5 செ.மீ. குறைத்து அந்த அளவில் துளை போடுங்கள்.

ராடு கடல் பக்கம் சாய்கிறது. முதலில் டிராகைப் பாருங்கள். பெட்டி எடை பார்க்கும் தூக்குத் தராசை நரம்பு நுனியில் மாட்டி இழுத்தால் தெரிந்துவிடும். 20 பவுண்டு தாங்கும் நரம்புக்கு, மீனோடு மல்லுக்கட்டும்போதுகூட 5 பவுண்டு, அதாவது இரண்டேகால் கிலோ இழுவையில் ரீல் நரம்பை விட வேண்டும். குழாயில் நிற்கும்போது ஒரு கிலோவே போதும். டிராக் இறுகியிருந்தால், பாறையோ திருக்கையோ இழுக்கிற இழுப்பு முழுக்கக் குழாய்க்குத்தான் வரும். இரண்டடி ஆழம் நட்டாலும் பிடுங்கிக்கொண்டு போகும்.

டிராக் சரியாக இருந்தும் சாய்ந்தால் மணலைப் பாருங்கள். மேலே இருக்கும் உலர் மணலுக்குப் பிடிப்பு கிடையாது. காலால் அதை ஒதுக்கி, ஈர மணல் தெரிந்த பிறகு குழாயை வையுங்கள். ஈர மணலுக்குள் 45 செ.மீ. போக வேண்டும், உலர் மணலின் கனத்தை இதில் சேர்க்கக் கூடாது. குழாயின் தலை கரைப் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கட்டும்.

இரண்டு மணி நேரம் ஒழுங்காக நின்றுவிட்டுப் பிறகு சாய்ந்தால் காரணம் அலை. நுரை வந்து திரும்பும்போது குழாயைச் சுற்றி ஒரு குழி பறித்துவிட்டுப் போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் சுமார் ஒரு மீட்டர் வித்தியாசம் இருக்கும். வற்றத்தில் நட்ட குழாயை ஏற்றம் வரும்போது பின்னால் தள்ளி நட்டுத்தான் ஆக வேண்டும்.

இறக்கும்போது மேல் விளிம்பு பிளக்கிறது. சுத்தியலால் அடிக்கவே அடிக்காதீர்கள். குழாயை மணலில் ஊன்றி, ஒரு பாட்டில் கடல்நீரை அதன் ஓரமாக ஊற்றிக்கொண்டே இடமும் வலமும் அசையுங்கள். தண்ணீர் போகும் வழியில் மணல் இளகி, குழாய் தானாக இறங்கும். நீர் வடிந்ததும் மணல் கவ்விக்கொள்ளும்.

போல்ட் துளையில் விரிசல். போல்ட்டை இறுக்கியதால் குழாய் நசுங்கியிருக்கிறது. அது எதையும் இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை, குறுக்கே கிடந்தால் போதும். 6.5 மி.மீ. பிட்டில் மெதுவாகத் துளைத்து, நைலாக் நட்டை (தானாகக் கழலாத நட்டு) போல்ட் விரலால் சுழலும் அளவுக்கே முடுக்குங்கள். மொட்டை மாடியில் ஆறு மாதம் வெயிலில் கிடந்த குழாய் என்றால் வேறு கதை. மேற்பரப்பு சுண்ணாம்புபோல் விரலில் ஒட்டினால் அது நொறுங்கத் தயாராகிவிட்டது. தூக்கிப் போட்டுவிடுங்கள்.

ராடு உள்ளே சிக்கிக்கொண்டது. ரப்பர் மூடிக்கும் குழாய்க்கும் நடுவே மணல் ஆப்பு அடித்திருக்கிறது. திருகினால் இன்னும் இறுகும். குழாயோடு பிடுங்கித் தலைகீழாகப் பிடித்து, தண்ணீர் விட்டுக் குலுக்குங்கள்.

சிமென்ட் குண்டு

ஈயம் உருக்குவது இங்கே இல்லை. அது 327 டிகிரியில் உருகும்; அச்சில் ஒரு துளி ஈரம் இருந்தாலும் ஆவியாகி உருகிய ஈயத்தை முகத்தில் தெறிக்க வைக்கும். புகையும் தூசியும் வீட்டுக் குழந்தைகளுக்கு விஷம். பழைய பேட்டரித் தகட்டை உருக்குவது இவை எல்லாவற்றையும் விட மோசம். கடையில் வார்த்த ஈயக்குண்டு வாங்கலாம், இல்லையென்றால் சிமென்டில் செய்யலாம்.

ஆனால் ஒரு கணக்கை மறந்துவிடக் கூடாது. கரையில் 100 கிராம் இருக்கும் ஈயம் கடல்நீருக்குள் 91 கிராமாக இழுக்கும்; இரும்பு 87; வெறும் சிமென்ட் கான்கிரீட் 57தான். அதனால்தான் வெறும் சிமென்ட் உருண்டை கையில் கனமாகவும் கடலில் தக்கையாகவும் இருக்கிறது. உள்ளே இரும்பு வேண்டும்.

அளவு: 20 மி.மீ. எலெக்ட்ரிக்கல் கன்டியூட் பைப் 9 செ.மீ. அதற்குள் 10 மி.மீ. டி.எம்.டி. கம்பி 8 செ.மீ. மீட்டருக்கு 617 கிராம் கணக்கில் கம்பி மட்டும் 49 கிராம் வரும். 1.2 மி.மீ. ஸ்டெயின்லெஸ் கம்பி 50 செ.மீ. நீளத்தில் இரண்டு. அவற்றை நடுவில் மடித்து, மடிப்பு மேலே காதாகவும் நான்கு முனைகள் கீழே கால்களாகவும் வரும்படி பைப்புக்குள் கோத்துவிடுங்கள். சிமென்டும் சலித்த மணலும் சமபாகம், கொழுக்கட்டை மாவைவிடச் சற்றுத் தளர்வாக. ஊற்றியதும் தரையில் தட்டிக் காற்றை வெளியேற்றுங்கள். மறுநாளிலிருந்து ஏழு நாள் வாளித் தண்ணீரில் ஊற வேண்டும். முடிவில் 90 முதல் 100 கிராம் வரை நிற்கும். சமையலறைத் தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்து, மார்க்கரில் எடையை எழுதிவிடுங்கள். ராடு தாங்கும் எடை அதன் தண்டிலேயே அச்சிட்டிருக்கும். இரையின் எடையையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு.

வீசும்போது டொப்பென்று அறுந்து குண்டு மட்டும் பறக்கிறது. இதை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் சரிசெய்யுங்கள். காலை நடையாளர்கள் இருக்கும் கடற்கரையில் 100 கிராம் குண்டு தனியாகப் பறப்பது விளையாட்டல்ல. ஷாக் லீடர், அதாவது வீச்சின் அதிர்ச்சியைத் தாங்க மெயின் நரம்பின் முனையில் கட்டும் தடித்த தங்கூசி (நைலான் ஒற்றை இழை) இல்லை என்றோ, இருப்பது மெல்லிசு என்றோ அர்த்தம். ஒவ்வொரு 28 கிராமுக்கும் 10 பவுண்டு என்பது கணக்கு. 100 கிராமுக்கு 40 பவுண்டு தங்கூசி. நீளம் ராட்டைப் போல் இரண்டு மடங்கு, அதோடு ஸ்பூலில் ஆறு சுற்று. லீடரையும் மெயின் நரம்பையும் இணைக்கும் முடிச்சு ராட்டின் முதல் வளையத்தில் தட்டி அறுந்தால், முடிச்சின் வால் நீளமாக விட்டிருக்கிறீர்கள்.

லீடர் நல்ல நிலையில் இருந்தும் காது கம்பியிடம் அறுந்தால் அங்கே விரலை ஓட்டிப் பாருங்கள். வெட்டிய முனை எதுவும் காதுப் பக்கம் வரக் கூடாது, மடிப்பு மட்டும்தான். தங்கூசியை நேராகக் காதில் கட்டாமல் ஸ்விவல் (சுழலும் இணைப்பு) போட்டுக் கட்டுங்கள்.

வீசும்போது கம்பியும் சிமென்டும் நின்று, பைப் மட்டும் கழன்று போகிறது. பி.வி.சி.யின் உள்பக்கம் வழவழப்பு. சிமென்ட் காயும்போது சுருங்கி அதை விட்டு விலகிவிடும். ஊற்றுவதற்கு முன் உடைந்த ஹாக்சா பிளேடால் உள்ளே குறுக்கும் நெடுக்குமாகக் கீறுங்கள். பைப்பில் எதிரெதிராக 3 மி.மீ. துளை இரண்டு போட்டு ஒரு சிறு கம்பித் துண்டைக் குறுக்கே செருகுங்கள். ஏற்கெனவே செய்து ஆடத் தொடங்கிய குண்டை ஒட்டிப் பயன்படுத்தாதீர்கள்.

இரண்டு மாதத்தில் குண்டின் அடி வெடிக்கிறது. டி.எம்.டி. கம்பியின் முனை உப்புநீருக்குத் தெரிந்துவிட்டது. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் கேட்கும். அது உப்பி சிமென்டைப் பிளக்கும். நம் ஊர்க் கடலோர வீட்டுத் தளங்களில் கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிவதும் இதே வேலைதான். 9 செ.மீ. பைப்பில் 8 செ.மீ. கம்பி என்று சொன்னது, இரண்டு முனையிலும் அரை செ.மீ. சிமென்ட் மூட வேண்டும் என்பதற்காக. கால் கம்பியே துருப்பிடித்தால் கடைக்காரர் ஸ்டெயின்லெஸ்ஸில் சீக்கிரம் துருப்பிடிக்கும் 202 ரகத்தைக் கொடுத்திருப்பார். காந்தம் வைத்துப் பார்ப்பது இங்கே உதவாது: 202, 304 இரண்டையும் காந்தத்தால் பிரித்தறிய முடியாது. 304 என்று கேட்டு வாங்கி, ஒரு துண்டை உப்புநீரில் நனைத்த துணியில் சுற்றி ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். கட்டுக்கம்பியால் கால் செய்ய நினைக்கவே வேண்டாம்.

குண்டு நிற்காமல் பக்கவாட்டில் நகர்கிறது. எடையைக் கூட்டுவதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். அதைக் கடைசியாகச் செய்யுங்கள்.

முதலில் நீரோட்டம் எந்தப் பக்கம் என்று பாருங்கள். தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரைத் தெண்டி என்றும் வடக்கிலிருந்து தெற்கே ஓடுவதை வன்னி என்றும் சென்னைக் குப்பங்களில் சொல்வார்கள். தென்மேற்குப் பருவத்தில் தெண்டி, வடகிழக்குப் பருவத்தில் வன்னி மேலோங்கும். ஆண்டு மொத்தத்தில் வடக்கே போகும் மணல்தான் அதிகம். துறைமுகச் சுவர் அதை மறித்ததால் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்தது. அவ்வளவு மணலையே நகர்த்துகிற நீர் உங்கள் 100 கிராமை விட்டுவைக்குமா?

நேர் எதிரே வீசாமல், நீர் வரும் பக்கமாக 20, 30 டிகிரி திருப்பி வீசுங்கள். குண்டு தரைதட்டியதும் உடனே நரம்பை இறுக்காமல் இன்னும் நாலைந்து மீட்டர் விடுங்கள். நரம்பு வில்லாக வளைந்து, குண்டை மேல்நோக்கித் தூக்காமல் தரையோடு இழுக்கும். கால்கள் மணலில் ஊன்றும். நரம்பை உடனே விறைப்பாக்கினால் ஊன்றுவதற்கு முன்பே கால்கள் கிளம்பிவிடும்.

அடுத்தது நரம்பின் தடிமன். 0.40 மி.மீ. தங்கூசியில் நீர் மோதும் பரப்பு, 0.20 மி.மீ. பிரெய்டில் (பின்னல் நரம்பு) மோதுவதைப் போல இரு மடங்கு. பிறகு கால்கள்: வெளியே நீட்டும் நீளம் 12 செ.மீ., வளைவு 45 டிகிரி, நான்கும் நான்கு திசையில். அதற்கும் நகர்ந்தால் கால் கம்பியை 1.6 மி.மீ. ஆக்குங்கள். அதன் பிறகே எடை.

மழைக்குப் பிறகு அடையாறு, கூவம் முகத்துவாரங்களை ஒட்டி வீசினால் இந்தக் கணக்கு எதுவும் எடுபடாது. ஆகாயத்தாமரையும் கேரி பேக்கும் நரம்பில் தோரணம் கட்டிக்கொள்ளும். இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போய்விடுவதே உத்தமம்.

குண்டு கிளம்ப மறுக்கிறது. மணலில் என்றால் கால் கம்பி அளவுக்கு மீறி விறைப்பு. நிதானமாக இழுத்தால் நிமிர்ந்து கொடுக்க வேண்டும், 1.2 மி.மீ. கம்பி கொடுக்கும், 1.6 மி.மீ. கொஞ்சம் அடம்பிடிக்கும். எண்ணூர்ப் பக்கத்துக் கருங்கல் தடுப்புகளில் என்றால் கால் வைத்த குண்டே கூடாது. அங்கே பழைய ஸ்பார்க் பிளக் போதும். அதையும் மெயின் நரம்பில் கட்டாமல் 8 பவுண்டு மெல்லிய தங்கூசித் துண்டில் தொங்கவிடுங்கள். கல்லில் மாட்டினால் பிளக் மட்டும் போகும், தூண்டில் முள்ளும் மீனும் திரும்பும். ஆனால் இந்த மெல்லிய துண்டோடு முழு வீச்சு வீசக் கூடாது. கைக்கு எட்டும் தூரத்தில் மெல்லத் தூக்கிப் போடுவதற்கு மட்டும்.

முள் மெயின் நரம்பில் சுற்றிக்கொள்கிறது

முள் கட்டிய கிளை நரம்பு நீளம், அல்லது துவள்கிறது. 20 முதல் 25 செ.மீ. வரை, 30 பவுண்டுக்குக் குறையாத விறைப்பான தங்கூசியில் கட்டுங்கள். இரண்டு கிளை என்றால் இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி, இரண்டு கிளைகளின் நீளத்தைக் கூட்டியதைவிட அதிகமாக இருக்க வேண்டும். இறாலை வாலிலிருந்து நேராகக் கோக்காமல் கோணலாகக் கோத்தாலும் தண்ணீரில் பம்பரமாகச் சுற்றி நரம்பை முறுக்கும். வெட்டி எறியும் தங்கூசித் துண்டுகளை மணலில் விடாதீர்கள். ஜனவரியிலிருந்து இந்தக் கரையில்தான் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறுகின்றன.

கொலுசு மணி

துணி கிளிப்பில் இரண்டு கொலுசு மணி கட்டி ராடு நுனியில் கவ்வவிட்டால் தீர்ந்தது. ஓயாமல் ஒலித்தால் காற்று. நுனியிலிருந்து ஒரு சாண் கீழே இறக்குங்கள். ஒவ்வொரு அலைக்கும் ஒலித்தால் நரம்பு அலையின் முகட்டில் உரசுகிறது. ராடு இன்னும் உயரமாக நிற்க வேண்டும். ஒலிக்கவே இல்லை, ஆனால் இரை மட்டும் காலியாகிறது என்றால் மணியைக் குறை சொல்லாதீர்கள்: நண்டு. ராட்டைச் சுண்டும்போது கிளிப் பறந்து மணலில் தொலைகிறதா? ஒரு முழம் நூலில் குழாயோடு கட்டிவிடுங்கள்.

ஐஸ் பெட்டி

இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். மீன் பார்சல் வந்த பழைய தெர்மாகோல் பெட்டியை அப்படியே கொண்டுபோய்விட்டு, பதினோரு மணிக்கு மூடியைத் திறந்தால் குளம்.

பத்து மணிக்குள் ஐஸ் கரைந்துவிடுகிறது. முதலில் கணக்கு. உள்ளளவு 40, 30, 30 செ.மீ. உள்ள பெட்டி; வெளியே 35 டிகிரி. சுவர் ஒரு இஞ்ச் தெர்மாகோல் என்றால் சுவர் வழியே வரும் சூடு மட்டும் மணிக்கு ஏறக்குறைய 400 கிராம் ஐஸைக் கரைக்கும். இரண்டு இஞ்ச் என்றால் கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. எட்டு மணி நேரத்துக்கு 3.2 கிலோ எங்கே, 1.8 கிலோ எங்கே! கத்திரி வெயிலில் பெட்டியை மணலில் நேராக வைத்தால் இதற்கும் மேல் போகும்.

இது மீன் இல்லாத வெறும் பெட்டிக்கான கணக்கு. 30 டிகிரியில் இருக்கும் மூன்று கிலோ மீனைக் குளிர்விக்கவே ஒரு கிலோ ஐஸ் போய்விடும். குடிக்கிற தண்ணீர்ப் பாட்டிலையும் உள்ளே போட்டீர்களானால், சூடான ஒவ்வொரு லிட்டரும் 380 கிராம் ஐஸைக் குடித்துவிடும். பாட்டிலை முந்தின இரவே ஃப்ரீசரில் உறையவைத்துக் கொண்டுபோனால் அதுவே ஐஸ். உறையும்போது தண்ணீர் ஒன்பது சதவீதம் விரியும், கழுத்து வரை நிரப்பாதீர்கள்.

ஆகவே பழைய ஒரு இஞ்ச் பெட்டிக்குள் இன்னொரு இஞ்ச் தெர்மாகோல் தாளை எல்லாப் பக்கமும் வெட்டி ஒட்டுங்கள். மூடிக்கும் சேர்த்துத்தான். ஒட்டுவதற்கு வெள்ளை மரப் பசை. மஞ்சள் நிறக் காலணிப் பசையைத் தடவினால் தெர்மாகோல் கண் முன்னே குழிந்து கரையும். அதிலிருக்கும் கரைப்பானின் வேலை அது. பெயின்ட் ஸ்பிரேயும் அப்படியே.

இரண்டு இஞ்ச் சுவர் இருந்தும் கரைகிறது. மூடியைப் பாருங்கள். இரவில் பெட்டிக்குள் மொபைல் டார்ச்சை எரியவிட்டு மூடி, விளக்கை அணைத்துவிட்டுச் சுற்றிப் பாருங்கள். வெளிச்சம் கசியும் கீற்றெல்லாம் சூடு நுழையும் கீற்று. கதவு இடுக்கில் ஒட்டும் ஃபோம் டேப்பை விளிம்பைச் சுற்றி ஒட்டி, பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டிப் பெட்டியோடு சேர்த்து இறுக்குங்கள். கசிவே இல்லையென்றால் கை காரணம்: எத்தனை முறை திறந்து பார்க்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

மீன் வெளுத்து, வயிறு இளகி வருகிறது. கரைந்த தண்ணீரில் ஊறிவிட்டது. அடிச்சுவரில் அரை இஞ்ச் நிப்பிள் (சிறு குழாய்த் துண்டு) வைத்து மூடி போட்டு, மணிக்கொருமுறை வடியுங்கள். உள்ளே ஒரு பிளாஸ்டிக் காய்கறிக் கூடையைக் கவிழ்த்து, மீனை அதன் மேல் அடுக்குங்கள். நொறுக்கின ஐஸ் கீழேயும் மேலேயும் வர வேண்டும். ஐஸ் பாரிலிருந்து உடைத்த பெரிய கட்டியின் மேல் மீனை வைத்தால் தொடுகிற இடம் மட்டும்தான் குளிரும். பிடித்த உடனே வேகமாகக் குளிர வேண்டுமென்றால் தனி வாளியில் இரண்டு பங்கு ஐஸ், ஒரு பங்கு கடல்நீர். உப்பு இருப்பதால் பூச்சியத்துக்கும் கீழே இறங்கும். கால் மணி நேரம் அதில் போட்டுவிட்டுப் பெட்டிக்கு மாற்றுங்கள்.

மத்தி, கானாங்கெளுத்தி, சூரை வகைகளில் இது ருசிக்கான விஷயம் மட்டுமல்ல. குளிர் விட்டுப்போனால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் உருவாகும். அதன் பிறகு எவ்வளவு கொதிக்கவைத்துக் குழம்பு வைத்தாலும் அது போகாது. முகம் சிவந்து, தலை வலித்து, தடிப்பு வரும். பெட்டியில் ஐஸ் தீர்ந்து மணிக்கணக்காகிவிட்டால் அந்த மீன்களை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.

கழுவினாலும் நாற்றம் போகவில்லை. இரத்தமும் வழும்பும் தெர்மாகோல் மணிகளுக்கு நடுவே இறங்கிவிட்டன. தேய்க்கத் தேய்க்க இன்னும் உள்ளே போகும். சமையல் சோடாவைக் கூழாகக் குழைத்து இரவு முழுக்கப் பூசிவைத்துக் கழுவினால் பாதி குறையும். கொதிநீர் ஊற்றாதீர்கள், பெட்டி கோணிவிடும். உருப்படியான வழி, உள்ளே தடித்த பாலித்தீன் தாளை மடித்துத் தொட்டிபோல் வைப்பது. மூலையில் வெட்டாமல் நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போடுவதுபோல மடியுங்கள். கழற்றி வெயிலில் காயப்போடலாம்.

அடியில் ஈரம் கசிகிறது, ஆனால் நிப்பிள் காய்ந்திருக்கிறது. பாலித்தீனில் ஓட்டை. பெரும்பாலும் கெளுத்தியின் வேலை: முதுகு முள்ளும் இரண்டு பக்க முள்ளும் விறைத்து நிற்கும், மற்ற மீன்களின் எடை மேலே ஏறியதும் தாளைக் குத்திவிடும். உள்ளே போடும் முன் மூன்று முட்களையும் கட்டிங் பிளையரால் அடியோடு நறுக்குங்கள். மீன் உயிரோடு இருக்கும்போது தலையை ஈரத் துணியால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு நறுக்க வேண்டும். அந்த முள் கையில் ஏறினால் கடுகடுவென்று வலிக்கும். குத்தின இடத்தைத் துடைத்து, நன்றாகக் காயவைத்து, இரு பக்கமும் டார்பாலின் ஒட்டும் டேப் போடுங்கள். ஈரத்தில் ஒட்டினால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பெயர்ந்துவிடும்.